நம் மலைப் படங்களில் எதைத் தொடராக எழுதலாம்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு வாசகசாலையின் பின்னறையில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு படம் போடுகிறோம். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். படம் முடிந்ததும் டீயும் வர்க்கியும் வரும், பேசி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அப்படி வருகிறவர்களில் மூன்று இளைஞர்கள் இரண்டு மாதமாக ஒரே கேள்வியோடு என்னைச் சுற்றி வருகிறார்கள். ஒருவன் படுகர் வீட்டுப் பையன், அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. இன்னொருத்தி அருவங்காடு தொழிற்சாலை ஊழியரின் மகள். மூன்றாமவள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பேத்தி.

மூவரும் சேர்ந்து எட்டு எபிசோட் தொடர் ஒன்றுக்குக் கதைச்சுருக்கமும், முதல் எபிசோடுக்கு முழுத் திரைக்கதையும் எழுதப் போகிறார்கள். சென்னையில் ஒருவர் "எழுதிக்கொண்டு வாருங்கள், படித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். முதல் முயற்சி என்பதால், ஏற்கெனவே வந்த ஒரு மலைப் படத்தை எடுத்து அதை விரித்து எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். எந்தப் படம் என்பதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "அக்கா, நீங்களே ஒண்ணைச் சொல்லிடுங்க" என்றாள் அந்தப் பேத்தி, போன ஞாயிறு.

பதினான்கு வருடமாகப் படப்பிடிப்புக் குழுக்களுக்கு நீலகிரியில் இடம் பார்த்துக் கொடுக்கிறேன். எந்தக் காட்சி மழையில் கெடும், எந்த அனுமதிக்கு எத்தனை நாள் அலைய வேண்டும் என்பதெல்லாம் கொஞ்சம் தெரியும். கூடலூரிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும்கூட இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். படங்களின் முடிவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

தொடர் என்பது நீளமான படம் இல்லை

இரண்டரை மணி நேரப் படத்தை ஆறு மணி நேரமாக இழுத்தால் தொடர் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டில் நன்றாக நடந்த இரண்டு உதாரணங்களைப் பாருங்கள். கொரியப் போரின் ராணுவ மருத்துவ முகாம் ஒன்றை வைத்து 1970-ல் ‘மேஷ்’ என்ற படம் வந்தது. 1972-ல் அது தொலைக்காட்சித் தொடரானது. 11 சீசன் ஓடி 1983-ல்தான் முடிந்தது. அசல் போரே மூன்று ஆண்டுதான் நடந்தது. ஒரு போர்முனை மருத்துவமனைக்குத் தினமும் புது நோயாளி வருவான், அவனோடு ஒரு புதுக் கதையும் வரும். அந்த இடமே கதை ஊறும் கிணறு. இன்னொன்று ‘ஃபார்கோ’. 1996-ல் படம், 2014-ல் தொடர். தொடரை எழுதியவர்கள் படத்தின் கதையைத் திரும்பச் சொல்லவே இல்லை. அதே பனி நிலம், அதே மாதிரி சாதாரண மனிதர்கள் செய்துவிடும் குற்றம், ஆனால் ஆட்கள் வேறு.

ஆக, ஒரு படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் நிலமும் தொழிலும் மனிதர்களும். காட்சிகளைத் திரும்ப எடுப்பது வீண் வேலை.

எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, படம் எதைச் சொல்லாமல் விட்டது? நாயகன், நாயகியைத் தாண்டி, ஓரத்தில் நின்று போனவர்களுக்குத் தனி வாழ்க்கை இருக்கிறதா?

இரண்டாவது, படத்தின் பலம் அதன் முடிவில் மட்டும் இருக்கிறதா? கடைசிப் பத்து நிமிடத்துக்காகவே கட்டப்பட்ட படத்தை விரித்தால் அந்தப் பத்து நிமிடம் செத்துப்போகும்.

மூன்றாவது, எபிசோட் முடியும்போது அடுத்ததைத் தட்ட வைக்கும் கேள்வி கதைக்குள்ளிருந்தே வருகிறதா, நாம் வலிந்து சொருக வேண்டுமா?

நான்காவதுதான் எனக்கு முக்கியம். மலை அந்தக் கதைக்குக் காரணமா, வெறும் திரைச்சீலையா? தமிழ் சினிமா எத்தனையோ ஆண்டுகளாக இந்த மலைக்கு வந்துபோகிறது. வந்தவர்கள் பெரும்பாலும் பாட்டு எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படச்சுருள் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையே ஊட்டியில்தான் இருந்தது. ‘இந்து’ என்பது அந்தச் சுருளின் பெயர், ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் இந்து நகர். படச்சுருள் செய்த கைகள் இங்கே இருந்தன, அந்தக் கைகளைப் பற்றி ஒரு படம் வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

ஐந்தாவது செலவு. பணம் மட்டுமில்லை, அனுமதி, பருவம், மொழி, உரிமை எல்லாம் சேர்த்து.

முதலில் ஒரு பார்வைக்கு:

| படம் | சொல்லாமல் விட்ட கதை | அடுத்த எபிசோடுக்கு இழுப்பு | மலை இல்லாமல் நடக்குமா | எடுக்கும் செலவு |
|---|---|---|---|---|
| மூன்றாம் பிறை (1982) | கொஞ்சம் | குறைவு | நடக்கும் | குறைவு |
| குணா (1991), மஞ்சும்மல் பாய்ஸ் (2024) | மீட்கிறவர்களின் வாழ்க்கை முழுதும் | மிக அதிகம் | நடக்காது | அதிகம் |
| பன்னீர் புஷ்பங்கள் (1981) | நிறைய | நடுத்தரம் | ஓரளவு நடக்கும் | நடுத்தரம், தலைவலி அதிகம் |
| பரதேசி (2013) | கடல் அளவு | அதிகம் | நடக்கவே நடக்காது | மிக அதிகம் |

மூன்றாம் பிறை: தொடாமல் விடுவது நல்லது

பையனின் தேர்வு இது. அவனுக்குக் கேத்திப் பள்ளத்தாக்கு என்றால் உயிர். பாலு மகேந்திரா எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கிய படம். விபத்தில் நினைவிழந்து குழந்தை மனதோடு இருக்கும் பெண்ணை, ஒரு பள்ளி ஆசிரியர் சென்னையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்து மலையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். நினைவு திரும்பியதும் அவள் அவரை அடையாளமே தெரியாமல் ரயிலேறிப் போய்விடுகிறாள். கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தன.

இரண்டாவது அளவுகோலில் இது அடிபடுகிறது. படம் முழுவதும் ரயில் கிளம்பும் அந்தக் கேத்தி ஸ்டேஷனை நோக்கித்தான் நடக்கிறது. ஏழு எபிசோட் காத்திருந்து எட்டாவதில் ரயில் வந்தால், பார்ப்பவர் மூன்றாவதிலேயே ஊகித்துவிடுவார். அதோடு 1982-ல் கேட்கப்படாத ஒரு கேள்வியை இன்றைய பார்வையாளர் கேட்பார்: குழந்தை மனதோடு இருக்கும் ஒரு பெண்ணின் மீது வளரும் காதலை நாம் எப்படிப் பார்ப்பது? இரண்டரை மணி நேரத்தில் இசையும் நடிப்பும் நம்மைக் கடத்திக்கொண்டு போய்விடுகின்றன. ஆறு மணி நேரத்தில் அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதில் சொல்லத் தயாரில்லாமல் இதைத் தொடக்கூடாது.

எடுக்கும் செலவு குறைவு என்பது உண்மை. இரண்டு பேர், ஒரு வீடு, ஒரு நாய். ஆனால் மறைந்திருக்கும் செலவு ரயிலில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கிலோமீட்டர் போகும் நம் மலை ரயில் 2005-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ரயில்வேயிடம் அனுமதி, கட்டணம், ஓடும் நேரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் கிடைக்கும் சில மணித்துளிகள் என எல்லாமே இறுக்கம். அந்தச் சில மணித்துளியில் மேகம் இறங்கிவிட்டால் அன்றைய பணம் போச்சு. இன்னொரு செலவை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது: கமல், ஸ்ரீதேவி, இளையராஜா மூவரோடும் உங்கள் தொடரை ஒவ்வொருவரும் ஒப்பிடுவார்கள்.

இதை எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து, நினைவு திரும்பிய மறுநாளிலிருந்து தொடங்குங்கள். வாழ்க்கையில் சில மாதங்கள் காணாமல் போயிருக்கின்றன. வீட்டில் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். அவளே தேடிக்கொண்டு மலை ஏறுகிறாள். அது மூன்று, நான்கு எபிசோடுக்கு நல்ல கதை. எட்டுக்குத் தாங்காது.

குணா குகை: இழுப்பு வேண்டுமென்றால் இதுதான்

அருவங்காட்டுப் பெண் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கொடைக்கானலில் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த பாறைப் பிளவுகளில் 1991-ல் சந்தான பாரதி ‘குணா’ எடுத்தார். அதற்குப் பிறகு இடத்தின் பெயரே குணா குகை ஆகிவிட்டது. 2006-ல் கொச்சி அருகே மஞ்சும்மலிலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் அங்கே குழிக்குள் விழ, இன்னொரு நண்பர் இறங்கி மீட்டார். அந்த நிகழ்வை 2024-ல் சிதம்பரம் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்று எடுத்தார். மலையாளப் படம் என்றாலும் பாதிக்குப் பாதி தமிழ் பேசும் படம்.

இரண்டையும் ஒரே தேர்வாக வைக்கிறேன், ஏனென்றால் விரிக்கக்கூடியது அந்த இடம்தான். ‘குணா’ ஒரு மனிதனின் மனதுக்குள் நடக்கிற கதை. அதைப் பல எபிசோடாக்கினால் அவனுடைய பித்து வெறும் நோய்க்குறிப்பாகச் சுருங்கிவிடும். ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ ஒரே மீட்பு. அதை நீட்டினால் கயிறு அறுந்துவிடும்.

ஆனால் ஓரத்தில் நின்றவர்களைப் பாருங்கள். எச்சரிக்கை செய்யும் கடைக்காரர், வனக் காவலர், தீயணைப்பு நிலைய ஊழியர், போலீஸ் ஸ்டேஷன். சுற்றுலாப் பயணி வருவார், போவார். இவர்கள் அங்கேயே இருப்பவர்கள். மேஷ் தொடருக்குக் கிடைத்த மருத்துவமனை மாதிரி, இங்கே ஒரு மலையூர்த் தீயணைப்பு நிலையம். ஒரு எபிசோடில் பாறையில் சிக்கியவர், ஒன்றில் மண்சரிவு, ஒன்றில் காட்டுத்தீ, ஒன்றில் வழி தெரியாமல் காட்டுக்குள் போன குழந்தை. அடுத்த எபிசோடுக்கு இழுக்கக் கயிற்றைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

செலவு பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிளவுக்குள் யாரும் உங்களை இறங்க விட மாட்டார்கள், விடவும் கூடாது. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ குழுவே குகைக் காட்சிகளுக்குக் கேரளத்தில் செட் போட்டது. நீங்களும் போட வேண்டும். காட்டில் எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வனத்துறை அனுமதி. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. குழு வண்டிகளுக்கும் அது பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிட்டு, மலையடிவாரத்தில் வந்து நிற்கிறார்கள். உண்மைச் சம்பவத்தை எடுத்தால் சம்பந்தப்பட்டவர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும். படம் வந்து ஓடியதால் எல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடாது. அந்தப் பாறைகளில் திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் இன்னும் யாரோ காத்திருப்பார்கள் என்ற நினைப்போடு எழுத வேண்டும்.

கொடைக்கானல் பிள்ளைகள் யாராவது கேட்டால், தயங்காமல் இதை எடுங்கள் என்பேன். உங்களுக்குத் தீயணைப்பு நிலையத்தில் மாமா, சித்தப்பா என்று யாராவது இருப்பார்கள். தயாரிப்பாளரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் புரியவைக்கக்கூடிய கதையும் இதுதான். என்னுடைய ஒரே பயம், எட்டு மீட்பு எழுதி முடிக்கும்போது மலை வெறும் ஆபத்தாக மட்டும் ஆகிவிடக்கூடாது என்பது. நாம் அங்கே சோறு பொங்கி, பிள்ளை வளர்த்து வாழ்கிறோமே, அதுவும் வர வேண்டும்.

பன்னீர் புஷ்பங்கள்: கதை தானாக வளரும், பிள்ளைகளும் வளர்வார்கள்

‘குணா’வுக்குப் பத்து வருடத்துக்கு முன் அதே சந்தான பாரதி, பி. வாசுவுடன் சேர்ந்து பாரதி-வாசு என்ற பெயரில் இயக்கிய முதல் படம். ஊட்டிப் பள்ளியில் படிக்கும் இருவரின் பிஞ்சுக் காதல், அவர்களைப் புரிந்துகொள்ள முயலும் ஓர் ஆசிரியர். மூவரில் யாரும் இதைச் சொல்லவில்லை, நான் பட்டியலில் சேர்த்தேன்.

விடுதிப் பள்ளி என்பது தொடருக்கென்றே அமைந்த களம். ஒரு கல்வியாண்டு ஒரு சீசன். அடுத்த ஆண்டு புதுப் பிள்ளைகள். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி தொடங்கியது 1858-ல். அவ்வளவு காலமாக இந்த மலைக்குப் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள். படம் அந்தப் பிள்ளைகளில் இருவரை மட்டும் பார்த்தது. மெஸ்ஸில் சமைக்கிற அம்மா, இரவுக் காவலர், அதே பள்ளி வேலியின் மறுபக்கம் அரசுப் பள்ளிக்குப் போகும் உள்ளூர்ப் பிள்ளை என்று எவ்வளவோ பேர் மிச்சம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வயதில் இரண்டு பெண்கள் என்று தொடங்கினாலே போதும், முதல் எபிசோட் எழுதிவிடலாம்.

சிக்கல் எடுப்பதில். பள்ளிகள் விடுமுறையில்தான் இடம் தரும். கோடை விடுமுறை என்றால் அதுதான் ஊட்டி சீசன், அறை வாடகை உச்சத்தில் நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம் குழந்தை நடிகர்கள். சட்டப்படி ஒரு பிள்ளையை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக்கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வைப்பில் போட வேண்டும். இவை நல்ல விதிகள், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரியவர்களோடு 40 நாளில் முடிகிற வேலை பிள்ளைகளோடு 70 நாள் ஆகும் என்பதைத் திட்டத்தில் எழுதி வையுங்கள். முதல் சீசனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இரண்டு வருடம் ஆனால் பையனுக்கு மீசை வந்துவிடும்.

விடுதியில் படித்தவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இதை எடுங்கள். வெளியிலிருந்து எழுதினால் யூனிபார்மும் மணியோசையும்தான் மிஞ்சும்.

பரதேசி: நான் சொல்லும் பதில்

பாலாவின் படம், 2013. சாலூர் என்ற கிராமத்திலிருந்து ஒரு கூட்டத்தைக் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் பிடித்து வேலை வாங்குகிறவன், முன்பணம் கொடுத்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறான். அங்கே கடன் தீராது, ஊர் திரும்ப முடியாது, கொள்ளைநோய் வந்து கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவல்தான் அடிப்படை. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’. நம்மூரில் பலர் அது நீலகிரிக் கதை என்று நினைக்கிறார்கள். நாவலின் நிலம் ஆனைமலை. வால்பாறைப் பக்கம். அதைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இரண்டு மணி நேரப் படத்தால் ஒரு தலைமுறையைத்தான் சொல்ல முடிந்தது. கடைசிக் காட்சியில் நாயகனின் மனைவி, அவன் முகமே பார்த்திராத பிள்ளையோடு, அடுத்த கூட்டத்தில் ஒருத்தியாக அந்தத் தோட்டத்துக்குள் வந்து சேர்கிறாள். படம் அங்கே முடிகிறது. எனக்கு அந்த இடத்தில்தான் தொடர் தொடங்குகிறது. அந்தப் பிள்ளை என்ன ஆனான்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1939 வாக்கில் கைக்குழந்தை. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து வீடு, மருத்துவம் எல்லாம் முதலாளியின் கடமை என்று எழுதப்படும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது, கொழுந்து மூட்டை தூக்குகிறான். 1964-ல் இளைஞன். அந்த வருடம் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போடப்படுகிறது. அதே கங்காணி முறையில் இலங்கைக்குப் போனவர்களின் வாரிசுகளில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்து. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்கு ஏறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. டான்டீ என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். ஆனைமலையில் தொடங்கிய கதை இப்படித்தான் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது, தோட்டத் தொழிலாளியும் சிறு விவசாயியும் ஒரே நேரத்தில் நொடிந்தார்கள். நம் படுகர் வீட்டுப் பையனின் அப்பாவும் இலங்கைக் குடும்பத்துப் பேத்தியின் அம்மாவும் ஒரே கதைக்குள் வந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு எபிசோடும் இழுக்குமா? இழுக்கும். கடன்தான் இழுப்பு. இந்த வருடமாவது கணக்கு நேராகுமா, ஊருக்குப் போவோமா என்ற கேள்வியைவிடப் பெரிய சஸ்பென்ஸ் எனக்குத் தெரியவில்லை. கணக்குப்பிள்ளை பேரேட்டைத் திறக்கும் காட்சியில் எபிசோடை முடித்துப் பாருங்கள்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். இந்தத் தேர்வில்தான் அவை அதிகம்.

பழைய காலம் எடுப்பது கஷ்டம். எந்தச் சரிவில் கேமரா வைத்தாலும் மின்கம்பி, செல்போன் கோபுரம், ஏதாவது ரிசார்ட்டின் கூரை. ஆறேழு வருடத்துக்கு முன் ஒரு குழு லயன் வீடுகளை, அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளைப் பழையதாகக் காட்டக் கரி பூசியது. முடிந்ததும் வெள்ளையடித்துத் தருவோம் என்றார்கள், தரவில்லை. அந்தக் குடும்பங்களிடம் வாக்குக் கொடுத்தது நான். சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்து, நானும் நின்று அடித்துக் கொடுத்தேன். உங்கள் திட்டத்தில் "இடத்தைப் பழையபடி சரிசெய்தல்" என்று தனி வரி இருக்கட்டும், அந்தப் பணத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அடுத்தது மழை. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு, அதோடு மண்சரிவு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் ஊட்டிப் பக்கம் செடி கருகி, பச்சையே தெரியாது. மலையை விட்டு இறங்காமல் வருடம் முழுக்கக் காத்திருக்கும் குழுவுக்கு இது வரம். 45 நாளில் முடிக்க நினைப்பவர்களுக்கு நஷ்டம்.

உரிமை. இங்கே மூன்று அடுக்கு: நாவல், மொழிபெயர்ப்பு, படம். பயிற்சிக்காக எழுதிப் பார்க்க யாரிடமும் கேட்க வேண்டாம். விற்கப் போகிறீர்கள் என்றால் படத்தின் பாத்திரங்கள், காட்சிகள், வசனங்கள் எதையும் உரிமை வாங்காமல் தொடக்கூடாது. ஆனால் கங்காணி முறையும், தோட்டத்து வாழ்க்கையும், 1964 ஒப்பந்தமும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. ஃபார்கோ தொடர் படத்தைத் திரும்பச் சொல்லாதது போல, நீங்களும் உங்கள் ஆட்களை வைத்து உங்கள் கதையை எழுதுங்கள். எழுதியதைச் சென்னைக்குக் கொண்டு போவதற்கு முன் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

கடைசியாக, துக்கம். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். படத்தில் ஒரு கட்டத்துக்குப் பிறகு மூச்சுவிட இடமே இல்லை. எட்டு எபிசோட் அப்படிப் போனால் மக்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள், நிறுத்துவது நியாயமும்கூட. தோட்டத்தில் காமன் கூத்து இருந்தது, சம்பள நாள் சந்தை இருந்தது, கொழுந்து எடுக்கும்போது பாட்டும் கேலியும் இருந்தன. லயனில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சோறு போட்டவர்கள் இருந்தார்கள். அழவைக்கிற காட்சியை எழுதுவது சுலபம். அந்தச் சம்பள நாள் சந்தையை எழுதுவது சிரமம், அதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

தேனிப் பக்கத்து ஒரு படம் பற்றி

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை (2018) ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். கேரள எல்லையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ஒருவர் கொஞ்சம் நிலம் வாங்க ஆசைப்பட்டு, கடைசியில் அதே மண்ணில் காற்றாலைக்குக் காவலாளியாக நிற்கும் கதை. எனக்கு மிகவும் பிடித்த படம். மலைப்பாதையில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் ஒரு எபிசோட். ஆனால் அது கூட நடந்து பார்க்க வேண்டிய படம். அதன் நிதானத்தை எந்த ஓடிடியும் எட்டு வாரம் பொறுக்காது. சொந்தக் காசில், ஒரு கேமராவோடு, இருபது நிமிட எபிசோடாக எடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், மற்ற நான்கையும் விட்டுவிட்டு இதன் வழியில் போங்கள்.

ஏன் பரதேசி, அதுவும் இப்போது

இழுப்பில் குணா குகை முந்துகிறது, செலவில் மூன்றாம் பிறை முந்துகிறது. இருந்தும் நான் அந்த மூவரிடம் பரதேசியைச் சொன்னதற்குக் காரணம், அவர்கள் இப்போது செய்யப் போவது எழுத்து வேலை. 1939-ஐ எடுக்கப் பல கோடி வேண்டும், எழுத ஒரு நோட்டுப் போதும். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கிறது. அந்த இலங்கைக் குடும்பத்துப் பேத்தியின் பாட்டிக்கு 84 வயது. காலையில் ஆள் எடுக்கும் இடத்தைப் பெரட்டுக்களம் என்றுதான் இன்னும் சொல்கிறார். இடுப்பில் கட்டும் படங்கு, கவாத்துக் கத்தி, மழைக்குப் போர்த்திய கம்பளி எல்லாவற்றுக்கும் அவரிடம் கதை இருக்கிறது. ஒரு கங்காணியின் கடனிலிருந்து இன்னொரு கங்காணிக்கு ஆளை மாற்றிவிடும் துண்டுச் சீட்டைப் பற்றி அவருடைய பாட்டி சொன்னதுகூட நினைவிருக்கிறது. இலங்கையில் அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921-ல். நூறு வருடத்துக்கு முந்தைய விஷயத்தை, கேட்டவர் வாயிலிருந்து நாம் கேட்க முடிகிறது.

குகை அங்கேயே இருக்கும். கேத்தி ஸ்டேஷனும் இருக்கும். விடுதிப் பள்ளியைப் பத்து வருடம் கழித்தும் எழுதலாம். போன வருடம் கோத்தகிரிப் பக்கம் இப்படிப் பேசக்கூடிய நான்கு பேரை எனக்குத் தெரியும். இப்போது இரண்டு பேர்.

அதனால் அடுத்த ஞாயிறு படம் போடவில்லை. மூவரும் நானும் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போகிறோம். பேசுவதைப் பதிவு செய்ய போனும், எழுத நோட்டும், அவருக்குப் பிடித்த பொரிவிளங்காய் உருண்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு மேல் வாருங்கள், வெயில் வராமல் என் முட்டி மடங்காது என்று பாட்டி சொல்லியனுப்பியிருக்கிறார்.